கடைசிக் கோதுமைப் பாய்க்கப்பல்கள்: கப்பலில் நாள் எப்படிக் கழிந்தது?

ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற பெரும் பாய்க்கப்பல்களைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் புயலையும் தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையையும் பற்றியே கேட்கிறார்கள். அவற்றுக்கும் இங்கே பதில் உண்டு. ஆனால் மூன்று மாதப் பயணத்தில் புயல் அடித்த நாள்கள் சிலவே. மற்ற நாள்களில் அந்த மாலுமிகள் என்ன செய்தார்கள், என்ன தின்றார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதே இந்தப் பக்கத்தின் முதன்மைப் பொருள்.

எந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறோம்?

1920களிலும் 1930களிலும் கடலில் எஞ்சியிருந்த, எஃகினால் கட்டப்பட்ட, நான்கு பாய்மரங்கள் கொண்ட பெரிய சரக்குக் கப்பல்களைப் பற்றி. பமிர், பாசாட், பாம்மர்ன், மோஷுலு, வைக்கிங், ஹெர்சோகின் செசிலி, ஆலிவ்பேங்க் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு கட்டத்தில் குஸ்தாவ் எரிக்சன் என்ற ஒரே முதலாளியின் கைக்கு வந்து சேர்ந்தன. பின்லாந்துக்கு உட்பட்ட, ஆனால் ஸ்வீடிஷ் பேசும் ஓலாந்து தீவுகளின் மாரிஹாம்ன் நகரம் அவருடைய ஊர்.

கோடையில் ஐரோப்பாவில் சரக்கை இறக்கிவிட்டுப் பழுது பார்த்துக்கொண்டு, இலையுதிர்காலத்தில் வெறும் மணலும் கல்லும் பாரமாக ஏற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாவுக்குப் போவார்கள். போர்ட் விக்டோரியா, போர்ட் ஜெர்மெய்ன் போன்ற சிறு துறைகளில் மூட்டை மூட்டையாகக் கோதுமை ஏற்றிக்கொண்டு, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கிளம்பி, ஹார்ன் முனையைக் கடந்து அட்லாண்டிக்கில் வடக்கே ஏறி, இங்கிலாந்தின் ஃபால்மத்துக்கோ அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனுக்கோ வந்து நிற்பார்கள். சரக்கை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்ற உத்தரவு அங்கேதான் கிடைக்கும்.

நீராவிக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாய்க்கப்பல் எப்படி இலாபம் தந்தது?

மிகக் குறைந்த செலவில் ஓட்டியதால்தான். வேறு எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய கப்பல்களை எரிக்சன் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார். எரிபொருள் செலவு கிடையாது. கப்பல்களுக்குக் காப்பீடு செய்யாமல் இழப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். கோதுமை அழுகும் சரக்கன்று என்பதால் ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் வணிகருக்கு நட்டமில்லை. கிடங்கு வாடகை மிச்சம் என்றுகூட அவர் நினைக்கலாம். ஸ்பென்சர் வளைகுடாத் துறைகளில் ஏற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். காத்திருக்கும் நாளெல்லாம் நீராவிக் கப்பலுக்குச் செலவு ஏறும், பாய்க்கப்பலுக்கு அவ்வளவாக ஏறாது.

கப்பலுக்குள் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை. ஆள் குறைவு, சம்பளம் குறைவு, உணவு எளிமை, வேலை ஓயாதது ஆகிய நான்கும் கடலின் இயல்பால் வந்தவை அல்ல. கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை.

ஒரு கப்பலில் எத்தனை பேர்?

ஏறத்தாழ 30 பேர். கப்டன், அவருக்கு அடுத்த அதிகாரிகளான மூன்று மேட்டுகள், பாய் தைப்பவர், தச்சர், சிறு நீராவி எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், சமையல்காரர், கப்டனின் பணியாளர் ஆகியோர் போக, எஞ்சிய இருபது பேர் சொச்சம்தான் பாய்களைக் கையாண்டவர்கள். பாசாட் கப்பல் 115 மீட்டர் நீளம். பாய்களை எல்லாம் விரித்தால் 4,000 சதுர மீட்டருக்கு மேல். இருபது பேருக்கு இது மிகப் பெரிய பாரம். பருமல்களைத் திருப்பக் கையால் சுற்றும் உருளைப் பொறிகள் தளத்தில் இருந்ததால்தான் அது இயன்றது.

பாய் கட்டும் குறுக்கு மரத்துக்குப் பருமல் என்றும், பாயை ஏற்றி இறக்கும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும் நம் கடலோர மக்களிடம் சொல் உண்டு. இந்தக் கப்பல்களில் பருமல் எஃகுக் குழாயாக மாறிவிட்டது என்றாலும், சொல் பொருந்துவதால் இந்தப் பக்கம் முழுவதும் அதையே பயன்படுத்துகிறேன்.

மாலுமிகளில் பெரும்பான்மையோர் பதினாறு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருந்தவர்கள். பின்லாந்து, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளில் கப்பல் அதிகாரியாகத் தேர்வெழுதப் பாய்க்கப்பலில் பணியாற்றிய அனுபவம் கட்டாயமாக இருந்ததால், இளைஞர்கள் தாமாகவே தேடி வந்தார்கள். பயிற்சியாளராகச் சேர்வோரிடம் முன்பணமும் வாங்கப்பட்டது; 1930களின் இறுதியில் பிரிட்டனிலிருந்து சேர்ந்த ஒருவர் 50 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. காசு கொடுத்து வேலை செய்ய வந்தவர்களைக் கொண்டு ஓடிய கப்பல்கள் இவை என்றால் மிகையாகாது.

நாள் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது?

ஆட்கள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஓர் அணி தளத்தில் நிற்கும்போது மற்றது ஓய்வில் இருக்கும். ஆங்கிலேயக் கப்பல்களில் நான்கு மணி நேர முறை வழக்கம். ஓலாந்துக் கப்பல்களில் நாளை ஐந்து துண்டுகளாக வெட்டினார்கள்: நள்ளிரவு முதல் 4 வரை, 4 முதல் 8 வரை, 8 முதல் பிற்பகல் 1 வரை, 1 முதல் மாலை 7 வரை, 7 முதல் நள்ளிரவு வரை. ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால், இன்று நள்ளிரவில் எழுந்த அணி நாளை அந்நேரம் படுத்திருக்கும். ஒரு நாள் 14 மணி நேரம் வேலை, மறுநாள் 10 மணி நேரம். நியாயமான பங்கீடுதான்.

தூக்கத்தைக் கணக்கிட்டால் அந்த நியாயம் கசக்கும். ஓய்வு நேரத்துக்குள்ளேயே சாப்பிட வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஈர உடையைக் கழற்றி மாட்ட வேண்டும். இரவில் ஒருவர் தொடர்ந்து தூங்கக் கூடிய நேரம் எந்நாளும் ஐந்து மணியைத் தாண்டாது. பல இரவுகளில் மூன்றரையோடு முடியும். அதற்கு நடுவில் மேட் மூன்று முறை விசில் ஊதினால் ஓய்வில் இருப்பவரும் எழுந்து ஓடி வர வேண்டும். ஒரு விசில் முறைக்காவலில் இருக்கும் பையனுக்கு, இரண்டு விசில் காவல் அணி முழுவதுக்கும், மூன்று விசில் கப்பலில் உள்ள அனைவருக்கும். மூன்றாவது விசில் வருமா, இரண்டோடு நின்றுவிடுமா என்று படுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைப் பாய்க்கப்பலில் பணியாற்றியவர்கள் முதுமை வரை மறக்கவில்லை.

இரவுக் காவலில் என்ன செய்தார்கள்?

ஒருவர் சுக்கான் சக்கரத்தில். ஒருவர் கப்பலின் முன்புறமான அணியத்தில் நின்று முன்னே விளக்கோ பனிப்பாறையோ தெரிகிறதா என்று பார்ப்பார். ஒருவர் மேட்டின் கூப்பிடு தூரத்தில் விசிலுக்காக நிற்பார். அவரைக் கப்பலில் ‘போலீஸ்’ என்றார்கள். இந்த மூன்று வேலைகளும் மணிக் கணக்கில் சுழன்று வரும். மற்றவர்கள் உடையைக் கழற்றாமல் எங்காவது ஒதுங்கிச் சாய்ந்திருக்கலாம், காற்று மாறாதவரை.

புயல் இல்லாத நாளில் வேலை என்ன இருக்கும்?

கப்பலைக் கப்பலாக வைத்திருக்கும் வேலை. உப்புக் காற்றில் எஃகு ஓயாமல் துருப்பிடிக்கும். சுத்தியலால் துருவைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈயச் செந்தூரம் பூசி, அதன்மேல் வண்ணம் பூசுவார்கள். கப்பலின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையை அடைவதற்குள் முதல் முனை மீண்டும் துருவேறியிருக்கும். கம்பி வடங்களுக்குத் தார் பூச வேண்டும், உருளைகளுக்கு எண்ணெய் விட வேண்டும், தேய்ந்த கயிறுகளைப் பின்னி இணைக்க வேண்டும், மரத்தளத்தை மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்க்க வேண்டும். பாய் தைப்பவர் நல்ல நாள் முழுவதும் தளத்தில் அமர்ந்து தைத்துக்கொண்டே இருப்பார். உள்ளங்கையில் மாட்டிய தோல் உறையால் ஊசியைத் தள்ளுவதைக் கற்றுக்கொள்ளச் சில பையன்களை அவரிடம் விடுவார்கள். அது விரும்பப்பட்ட வேலை, உட்கார்ந்து செய்யலாம் என்பதால்.

இவற்றினும் பெரிய வேலை ஒன்றுண்டு; கடலை அறியாதவருக்கு அது வியப்பாக இருக்கும். புயல் மிகுந்த தென்பெருங்கடலைத் தாண்டி, வியாபாரக் காற்று சீராக வீசும் வெப்ப மண்டலத்துக்குள் கப்பல் நுழைந்ததும், உறுதியான நல்ல பாய்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒட்டுப்போட்ட பழைய பாய்களைக் கட்டுவார்கள். மெல்லிய காற்றில் பாய் தொய்ந்து வடங்களில் உரசி உரசித் தேய்வதால், நல்ல பாயை அங்கே வீணாக்கக் கூடாது என்பது காரணம். வடக்கே போய்ப் புயற்காற்றை எதிர்பார்க்கும் இடம் வந்ததும் மறுபடி நல்லவை ஏறும். நான்கு பாய்மரங்களில் மூன்றில் மட்டும் மரத்துக்கு ஆறாகப் பதினெட்டுச் சதுரப் பாய்கள். அவை போக முக்கோணப் பாய்கள் வேறு. சுருட்டிய பாயை மலைப்பாம்பைத் தூக்குவது போல வரிசையாகத் தோளில் சுமந்து தளத்தில் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி மேலே இழுத்து, பருமலில் முடிவார்கள். ஒரு பயணத்தில் இது பலமுறை நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமையில் துரு தட்டும் வேலை கிடையாது. சுக்கானும் பாயும் ஞாயிறு பார்ப்பதில்லை.

மேலே ஏறுவது எவ்வளவு ஆபத்து?

பாசாட்டின் பாய்மர உச்சி தளத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கு மேல். ஏறுவதற்குக் கம்பி வடங்களில் குறுக்கே கட்டிய படிகள் உண்டு. பருமலின் கீழே தொங்கும் ஒரு கம்பிவடத்தில் பாதத்தை ஊன்றி, வயிற்றைப் பருமலில் சாய்த்து, இரண்டு கையாலும் பாயைப் பற்றி இழுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரைத் துறைமுகத்தில் நிற்கும்போதே உச்சி வரை ஏறி இறங்கச் சொல்வது வழக்கம். ‘ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு’ என்ற பழைய அறிவுரையை எல்லாரும் சொல்வார்கள். நனைந்து தகடு போல விறைத்த பாயை ஒரு கையால் சுருட்ட எவராலும் முடியாது என்பது மேலே ஏறியவருக்குத் தெரியும். அதனால் நகம் பெயர்ந்த, தோல் உரிந்த இரண்டு கைகளும் கப்பலுக்கே போயின. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டும் வழக்கம் அப்போது இல்லை.

மழைச்சட்டையின் மணிக்கட்டையும் இடுப்பையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் உப்பு நீர் உள்ளே புகும். சட்டை விளிம்பு உராயும் மணிக்கட்டில் கொப்புளங்கள் எழுந்து, உப்பில் ஆறாமல், வெப்ப மண்டலம் வரும்வரை வலிக்கும். விழுந்து இறந்தவர்களைவிட இந்தக் கொப்புளத்தோடு வேலை செய்தவர்கள் எவ்வளவோ பேர் என்றாலும் எழுதப்பட்ட கதைகளில் கொப்புளத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

சாப்பாடு எப்படி?

உப்பிட்ட மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றியிறைச்சி, பட்டாணிச் சூப், மொச்சை வகைகள், உலர்ந்த மீன், உருளைக்கிழங்கு, சமையல்காரர் சுடும் ரொட்டி, காபி. குளிர்பதன வசதி கிடையாது. இறைச்சியை உப்புப் போக ஊறவைத்த பிறகே சமைக்க முடியும். உருளைக்கிழங்கு பாதிப் பயணத்தில் முளைவிடும், பிறகு தீர்ந்துபோகும். சில பன்றிகளை உயிரோடு ஏற்றிச் சென்று வழியில் அறுப்பார்கள். அந்தச் சில நாள்களுக்குப் புது இறைச்சி.

மார்கரினும் சர்க்கரையும் வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தரப்படும். வாங்கியதை அவரவர் தகர டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் தின்று தீர்ப்பவர் உண்டு, ஏழு நாளுக்குக் கோடு போட்டுப் பிரிப்பவர் உண்டு, அடுத்தவர் டப்பாவைப் பார்ப்பவரும் உண்டு. கப்பலில் நடந்த சண்டைகளில் பல இந்த டப்பாக்களைச் சுற்றியே. சமையலறையிலிருந்து சட்டியைத் தூக்கி வந்து பரிமாறிப் பாத்திரம் கழுவுவது இளையவர்களுக்கு முறை வைத்து வரும் பணி. அலை புரளும் தளத்தின் வழியாகச் சூப்புச் சட்டியைக் கொண்டுவரும்போது கால் வழுக்கினால் அன்று அனைவருக்கும் ரொட்டிதான்; அந்தப் பையனின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நாலாயிரம் டன் கோதுமையை ஏற்றிக்கொண்டு பசியோடு இருந்தார்களா?

ஆம். சரக்கு முதலாளியுடையது.

குளிக்க, துவைக்கத் தண்ணீர்?

தொட்டியில் உள்ள நன்னீர் குடிக்கவும் சமைக்கவுமே. கழுவுவதற்குச் சிறிதளவே தருவார்கள். கடல்நீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காது. எனவே நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்றில்லா மண்டலம் மாலுமிகளுக்கு இரட்டை முகம் கொண்டது. ஒருபுறம் கப்பல் நகராது. விசிறும் ஒவ்வொரு சிறு காற்றுக்கும் பருமல்களைத் திருப்பித் திருப்பி ஆட்கள் களைத்துப்போவார்கள். மறுபுறம், திடீரென்று கொட்டும் மழையில் தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்துத் தளத்தையே குளமாக்கி, இரண்டு மாத அழுக்கைத் துவைத்து, உடம்பும் கழுவிக்கொள்வார்கள். தொட்டிகளும் நிரம்பும்.

தங்குமிடம்?

எஃகுச் சுவர் கொண்ட சிறு அறை, அடுக்குக் கட்டில்கள், நடுவில் மேசை, மண்ணெண்ணெய் விளக்கு. மெத்தையை அவரவரே கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் வைக்கோல் அடைத்தது. மூட்டைப்பூச்சி கப்பலோடு நிரந்தரமாகப் பயணம் செய்தது. தென்பெருங்கடலில் வாரக்கணக்கில் எதுவும் காயாது, போர்வை உட்பட.

பேச்சு மொழி பலவகை, கட்டளை மொழி ஸ்வீடிஷ். ஆங்கிலேயப் பையனோ ஆஸ்திரேலியப் பையனோ சேர்ந்தால் முதல் வாரத்திலேயே கயிறுகளின் பெயரை ஸ்வீடிஷில் மனப்பாடம் செய்தாக வேண்டும். இருட்டில் தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே நிற்பவரின் உயிர் போகும்.

தென்பெருங்கடலில் சுக்கான் பிடிப்பது கடினம் என்கிறார்களே?

சரியே. இயந்திர உதவி இல்லாத கைச்சக்கரம். கடும் காற்றில் இருவர் சேர்ந்து பிடிப்பார்கள். பின்னாலிருந்து வரும் அலை சுக்கானை அடிக்கும்போது சக்கரம் திடீரென்று சுழன்று ஆளைத் தூக்கி எறியக் கூடும். கப்பல் நேர்கோட்டிலிருந்து விலகி அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால், தளத்தின் மேல் உள்ள எல்லாமே அடித்துச் செல்லப்படும். எனவே சுக்கான் பிடிப்பவரைப் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பின்னே எழுந்து வரும் அலையைப் பார்த்தால் கை தயங்கும்.

இருந்தும் அந்தக் கடலைத்தான் அவர்கள் விரும்பித் தேடிப் போனார்கள். தெற்கே 40 பாகைக்கு அப்பால் மேற்கிலிருந்து இடைவிடாது வீசும் காற்று, கிழக்கு நோக்கி ஹார்ன் முனைக்குப் போகும் கப்பலுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளுவது போன்றது.

ஒருவர் கடலில் விழுந்தால்?

பெரும்பாலும் மீட்க முடியாது. முழுப்பாயில் ஓடும் கப்பலை நிறுத்தித் திருப்புவதற்குள் விழுந்தவர் எங்கோ பின்தங்கியிருப்பார். கனத்த காலணியும் மழைச்சட்டையும் அவரைக் கீழே இழுக்கும். உயர்ந்த அலையில் படகை இறக்கினால் இன்னும் ஆறு பேர் போவார்கள். தளத்தின் நீளத்துக்குக் கட்டிய பிடிகயிறுகளும், ஓரத்தில் தடுப்புச் சுவருக்கு மேல் கட்டிய வலைகளும் மட்டுமே பாதுகாப்பு.

மருத்துவர் கிடையாது. மருந்துப் பெட்டியும் அதனோடு வரும் கையேடும் கப்டனிடம் இருக்கும். எலும்பு முறிந்தால் கட்டுப்போடுபவரும் காயத்தைத் தைப்பவரும் அவரே.

வழி எப்படிக் கண்டார்கள்? வானொலி இருந்ததா?

சூரியனையும் விண்மீன்களையும் கோணமானியால் அளந்து, துல்லியக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கணித்தார்கள். எரிக்சனின் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் வானொலி கிடையாது. கிளம்பிய நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையில் வீட்டாருக்குச் செய்தி எதுவும் போகாது. வானொலி இருந்தாலும் காப்பாற்றும் என்பதற்கு உறுதியில்லை. டென்மார்க்கின் பயிற்சிக் கப்பலான கோபன்ஹாவ்ன் 1928 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பி, 60 பேரோடு தடயமின்றி மறைந்தது. அதில் வானொலி இருந்தது.

பெண்கள் பயணம் செய்ததுண்டா?

கப்டனின் மனைவியாகவும், கட்டணம் செலுத்திய பயணியாகவும் சிலர் சென்றார்கள். 1928-இல் ஆஸ்திரேலிய இளம்பெண் ஒருவர் ஆண் உடையில் ஹெர்சோகின் செசிலியில் ஒளிந்து ஏறி, கப்பல் கடலுக்குள் போன பிறகு வெளிப்பட்டார். திருப்பி அனுப்ப வழியில்லாததால் ஐரோப்பா வரை வந்து சேர்ந்தார்.

கோதுமைப் பந்தயம் என்பது உண்மையில் பந்தயமா?

விதியோ நடுவரோ பரிசோ கிடையாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு துறையிலிருந்து கிளம்பிய கப்பல்களில் எது குறைந்த நாளில் சேர்ந்தது என்று பத்திரிகைகளும் மாலுமிகளும் கணக்குப் பார்த்ததே பந்தயம். 1933-இல் பார்மா என்ற கப்பல் போர்ட் விக்டோரியாவிலிருந்து ஃபால்மத்துக்கு 83 நாளில் வந்தது. 1939-இல் மோஷுலு குவீன்ஸ்டவுனுக்கு 91 நாளில். ஏறத்தாழ 15,000 கடல்மைலை 83 நாளில் கடப்பதென்றால் நாளொன்றுக்குச் சராசரி 180 கடல்மைல், மணிக்கு ஏழரைக் கடல்மைல். காற்றில்லா நாள்களையும் சேர்த்த சராசரி இது.

எப்போது முடிந்தது?

போர் தொடங்கிய 1939-லேயே ஆலிவ்பேங்க் கண்ணிவெடியில் மூழ்கியது. போருக்குப் பிறகு பமிரும் பாசாட்டும் மட்டும் 1949-இல் கடைசியாகக் கோதுமை ஏற்றி வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் பமிர் ஹார்ன் முனையைக் கடந்ததே சரக்கோடு ஒரு பாய்க்கப்பல் அதைக் கடந்த கடைசி முறை. எரிக்சன் 1947-லேயே காலமாகிவிட்டார்.

பமிரின் முடிவையும் சொல்ல வேண்டும். 1930களில் தானியத்தை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள மூட்டைகளாக நெருக்கி அடுக்கினார்கள்; கப்பல் சாய்ந்தாலும் சரக்கு எளிதில் நகராது. 1957-இல் பியூனஸ் அயர்ஸிலிருந்து ஹாம்பர்க்குக்கு வந்த பமிரில் வாற்கோதுமையின் பெரும்பகுதி மூட்டையின்றிக் கொட்டி ஏற்றப்பட்டிருந்தது. செப்டம்பர் 21 அன்று அட்லாண்டிக் சூறாவளியில் கப்பல் சாய்ந்தது, சரக்கும் ஒருபுறமாகச் சரிந்தது. 86 பேரில் 6 பேரே பிழைத்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள்.

இந்தக் கப்பல்களை இன்று பார்க்க முடியுமா?

பாசாட் ஜெர்மனியின் டிராவமுண்டவிலும், வைக்கிங் ஸ்வீடனின் கோத்தன்பர்கிலும் நிற்கின்றன. மோஷுலு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உணவகமாக இருக்கிறது. உப்பு மாட்டிறைச்சியும் பட்டாணிச் சூப்பும் தின்றவர்களின் கப்பலுக்கு இது விந்தையான முடிவு. ஒன்றை மட்டும் பார்க்க வாய்க்குமென்றால் மாரிஹாம்னில் உள்ள பாம்மர்னைத் தேர்ந்தெடுக்கலாம். 1903-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலை எரிக்சனின் பிள்ளைகள் 1953-இல் நகரத்துக்கு அளித்தார்கள். மற்றவற்றில் பின்னாளில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன; பாம்மர்னில் எஞ்சின் ஒருபோதும் பொருத்தப்படவில்லை. மாலுமிகள் படுத்த கட்டில்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் சரக்கறை கப்பலின் நீளத்துக்குப் போகும். அந்த இடத்தில்தான் கோதுமை மூட்டைகள் இருந்தன.